அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களுக்கும், அதைத் திரைக்கதையாக்குகிறவர்களுக்கும்,

வணக்கம். போன வாரம் இன்னொரு கதை படித்தேன். எந்தக் கதை என்று சொல்லத் தேவையில்லை, உங்களில் பாதிப் பேர் இதே காட்சியை எழுதியிருக்கிறீர்கள். நீண்ட கூடம், நீல வெளிச்சம், வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் கண் மூடிய ஒரு முகம். கண்ணாடியில் லேசாகப் பனி படிந்திருக்கும், கதாநாயகி அதைக் கையால் துடைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பாள். அப்புறம் மின்சாரம் போகும். நீலம் சிவப்பாகும். பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளும். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

நான் விஞ்ஞானி இல்லை. ஒரு ஆய்வகத்தில் ஆறு வருடம் திரவ நைட்ரஜன் ஊற்றும் வேலை பார்த்தவன், அவ்வளவுதான். அங்கே மனிதர்கள் யாரும் உறைந்து கிடக்கவில்லை, செல் மாதிரிகள் மட்டும் சின்னச் சின்னக் குப்பிகளில் இருந்தன. குடுவையின் மூடியைத் தூக்கினால் வெள்ளைப் புகை பொங்கி, மேலே போகாமல் விளிம்பில் வழிந்து காலடியில் பரவும். உள்ளே ஒரு குச்சியை விட்டு, எடுத்து, காற்றில் இரண்டு தடவை ஆட்டினால் எவ்வளவு உயரம் வரை பனி படிகிறதோ அதுதான் நைட்ரஜன் மட்டம். அதைப் பதிவேட்டில் எழுதி, குறைந்திருந்தால் ஊற்றி, கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். மைனஸ் 196 டிகிரி. கையில் பட்டால் புண்ணாகும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. ஒரு லிட்டர் திரவம் ஆவியாகி ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும், மூடிய அறையில் ஆக்சிஜனை ஓரங்கட்டிவிடும், நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, மூச்சு முட்டுகிற உணர்வு வருவதற்குள் ஆள் விழுந்திருப்பார். உங்கள் கதைகளில் இந்தப் புகைக்குள் எத்தனை பேர் துப்பாக்கியோடு ஓடிப்பிடித்து விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அதனால்தான் எழுதுகிறேன். கிரையோனிக்ஸ், அதாவது பின்னால் எழுப்பலாம் என்ற நம்பிக்கையில் மனித உடலை உறைய வைப்பது, அதைப் பற்றி நீங்கள் எழுதும் எல்லாவற்றிலும் ஆபத்து தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கண்ணாடிப் பெட்டியிலிருந்தே ஆரம்பிக்கலாம். அப்படி ஒன்று கிடையாது. ஆள் உயரத்தைவிடப் பெரிய எஃகுக் குடுவைகள்தான் உண்டு, சுவருக்குள் வெற்றிடம் உள்ள ராட்சதத் தெர்மாஸ் பிளாஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் இல்லை, விளக்கு இல்லை, முகம் தெரியாது. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள ஆல்கர் என்ற கிரையோனிக்ஸ் நிறுவனத்தில் ஒரே குடுவைக்குள் நான்கு பேரின் உடல்களை வைப்பது வழக்கம், அதுவும் தலைகீழாக. ஏன் தலைகீழ் என்றால், ஏதோ காரணத்தால் நைட்ரஜன் குறைந்துகொண்டே போனால் மேலே இருப்பதுதான் முதலில் சூடாகும், அப்போது கால் போனாலும் போகட்டும், தலை கடைசிவரை மூழ்கியிருக்க வேண்டும் என்ற கணக்கு. உடலே வேண்டாம், தலை மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்தவர்களும் பலர் இருக்கிறார்கள். முக்கியமான விஷயம், இந்தக் குடுவைகளைக் குளிராக வைத்திருக்க மின்சாரமே வேண்டாம். நைட்ரஜன் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், குறைந்ததை யாராவது ஊற்ற வேண்டும். மின்சாரம் போனதால் எல்லோரும் எழுந்துவிட்டார்கள் என்று இனிமேல் தயவுசெய்து எழுதாதீர்கள். யாரும் ஊற்ற வராமலே போனால் கடைசியில் என்ன ஆகும் என்று வேண்டுமானால் எழுதுங்கள்.

அடுத்தது இந்தத் 'தூக்கம்'. உங்கள் நாயகன் தன் காலால் நடந்து வந்து, மனைவிக்குக் கையசைத்துவிட்டுப் பெட்டிக்குள் படுப்பான். உண்மையில் இதயம் நின்று, சட்டப்படி இறந்துவிட்டார் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் வேலையே தொடங்கும். உயிரோடு இருப்பவரை உறைய வைத்தால் அது கொலை. இறப்பை அறிவித்ததும் பனிக்கட்டியில் குளிர வைத்து, ரத்தம் நிற்காமல் ஓட இயந்திரத்தால் மார்பை அமுக்கி, பிறகு ரத்தத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உறைதடுப்பு ரசாயனத்தை ஏற்றுகிறார்கள். செல்லுக்குள்ளும் வெளியேயும் உள்ள நீர் பனிப்படிகமாக மாறினால் திசு கிழிந்துவிடும். அதனால் படிகமே உண்டாகாமல் கண்ணாடி மாதிரி இறுகச் செய்வதுதான் நோக்கம். அந்த ரசாயனமோ அளவு கூடினால் விஷம். மைனஸ் 120 டிகிரிக்கும் கீழே போகும்போது இறுகிய திசு விரிசல் விடுவதும் உண்டு.

'தூங்கி எழுந்தான்' என்று நீங்கள் எழுதி எழுதி, நான் இந்த வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் என்னிடமே நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள், உள்ளே இருக்கிறவர்களுக்குக் கனவு வருமா என்று. என்ன பதில் சொல்வது? நம் பழங்கதையில் முசுகுந்தன் குகைக்குள் போய்த் தூங்குகிறான், யுகம் மாறியபின் எழுந்து வெளியே வந்து பார்த்தால் மனிதர்களும் மரங்களும் அளவில் சிறுத்துப் போயிருக்கின்றன. அது வரம் வாங்கிய தூக்கம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இது தூக்கமே இல்லை. இறந்த ஒருவரை இப்போதைக்கு இப்படியே வைப்போம், பின்னால் வருகிறவர்கள் ஏதாவது செய்வார்களா பார்ப்போம் என்ற பந்தயம். இதுவரை இப்படி வைத்த எந்த மனிதரும் எழுந்ததில்லை, எந்தப் பாலூட்டியையும் முழு உடலாக இந்தக் குளிருக்குக் கொண்டுபோய்த் திரும்ப உயிரோடு எழுப்பியதும் இல்லை.

சரி, சுத்தமாக நடக்காத காரியமா என்றால் அப்படியும் ஒரேயடியாகச் சொல்ல முடியவில்லை. வட அமெரிக்காவில் ஒரு காட்டுத் தவளை இருக்கிறது. குளிர்காலத்தில் அதன் உடல் நீரில் பாதிக்கு மேல் பனியாகிவிடும், இதயம் நின்றுவிடும், வசந்தத்தில் உருகித் தாவிப் போகும். ஈரல் சுரக்கும் சர்க்கரைதான் அதன் உறைதடுப்பு ரசாயனம். மனிதக் கருக்களை உறைய வைத்துப் பிறகு குழந்தை பெறுவது 1984 முதல் நடந்துவருகிறது. 2023இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தினர் எலியின் சிறுநீரகத்தைக் கண்ணாடியாக்கி 100 நாள் வரை வைத்திருந்து, வேறு எலிக்குப் பொருத்தி, அது வேலை செய்வதைக் காட்டினார்கள். அதில் எனக்குப் பிடித்தது குளிர வைத்த பகுதி இல்லை, சூடாக்கிய பகுதி. வெளியிலிருந்து சூடேற்றினால் ஓரம் முதலில் இளகும், நடு பிறகு இளகும், அந்த வித்தியாசத்திலேயே உறுப்பு வெடிக்கும், இடையில் பனிப்படிகமும் உண்டாகும். அதனால் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களை ரத்தக் குழாய்களுக்குள் முன்கூட்டியே ஏற்றி வைத்து, காந்தப்புலத்தால் அவற்றைச் சூடாக்கி, உறுப்பு முழுவதையும் உள்ளிருந்தே ஒரே வேகத்தில் சூடேற்றினார்கள். ஒரு எலியின் சிறுநீரகத்துக்கு இவ்வளவு. உங்கள் நாயகன் நாலு தடவை இருமிவிட்டு எழுந்து, அடுத்த பக்கத்தில் சண்டை போடுகிறான்.

இதெல்லாம் சின்னப் பிழைகள், கதைக்காக விட்டுவிடலாம் என்பீர்கள். விட்டுவிடலாம்தான். ஆனால் இந்தத் துறையே உங்களிடமிருந்து பிறந்தது, அதை மறந்துவிடாதீர்கள். 1931இல் ஒரு அமெரிக்க அறிபுனை இதழில் நீல் ஜோன்ஸ் ஒரு கதை எழுதினார். ஒரு பேராசிரியர் தன் உடலை விண்வெளியில் சுற்றவிட ஏற்பாடு செய்துவிட்டு இறக்கிறார், நான்கு கோடி வருடங்கள் கழித்து இயந்திர உடல் கொண்ட வேற்றுக்கிரகவாசிகள் வந்து அவர் மூளையை எழுப்புகிறார்கள். அதைப் படித்த பையனுக்கு அப்போது 12 வயது, பெயர் ராபர்ட் எட்டிங்கர். விஞ்ஞானிகள் யாராவது இதைச் செய்வார்கள் என்று காத்திருந்தார், யாரும் செய்யவில்லை. 1962இல் சாகாமைக்கு வழி இருக்கிறது என்று தானே ஒரு புத்தகம் எழுதினார், 1964இல் பெரிய பதிப்பகம் ஒன்று அதை வெளியிட்டது, 1976இல் மிச்சிகனில் ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார். அங்கே முதலில் வைக்கப்பட்டது அவருடைய அம்மா, 1977இல். 1987இல் முதல் மனைவி. 2000இல் இரண்டாவது மனைவி. 2011இல் அவரே போய்ச் சேர்ந்தார். அம்மா, இரண்டு மனைவிகள், ஒரு மகன், நால்வரும் ஒரே கட்டடத்தில் காத்திருக்கிறார்கள். நால்வரும் ஒரே நாளில் எழுந்தால் முதலில் யார் யாரிடம் என்ன பேசுவார்கள்? இவ்வளவு பெரிய குடும்பக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் ஜோம்பி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்!

உண்மையான ஆபத்து எங்கே இருந்தது என்று பார்க்க வரலாற்றைப் புரட்டினால் போதும். 1967 ஜனவரி 12 அன்று ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற உளவியல் பேராசிரியர் கலிஃபோர்னியாவில் இறந்தார், அவர்தான் உறைய வைக்கப்பட்ட முதல் மனிதர். வைத்த குழுவுக்குத் தலைவர் அதுவரை தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். ஆர்வத்தில் குறையில்லை, பணம்தான் இல்லை. அதற்கடுத்து வந்தவர்களைச் சாட்ஸ்வொர்த் என்ற இடத்தில் ஒரு கல்லறைத் தோட்டத்தின் நிலவறையில் வைத்தார். உறவினர்கள் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் வருடம் கட்டுவார்கள், இரண்டாம் வருடம் கட்டுவார்கள், அப்புறம்? துக்கம் ஆறிவிடும், வீடு மாறிவிடும், வேறு செலவு வந்துவிடும். பணம் நின்றது, நைட்ரஜன் நின்றது. 1979இல் விஷயம் வெளியே வந்தபோது ஒன்பது உடல்கள் உருகி அழுகிப்போயிருந்தன. வழக்கு நடந்து 1981இல் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். அங்கே புரட்சி செய்த கணினி எதுவும் இல்லை, பைத்தியக்கார விஞ்ஞானியும் இல்லை. மாதத் தவணை கட்டாதவர்களும், அதை வெளியே சொல்ல வெட்கப்பட்ட ஒரு மனிதரும்தான் இருந்தார்கள்.

பெட்ஃபோர்ட் தப்பித்தது எப்படி? அவர் குடும்பம் அவரை அந்தக் குழுவிடம் விட்டுவைக்கவில்லை. இடம் மாற்றி, நிறுவனம் மாற்றி, சில காலம் தாங்களே வைத்துப் பராமரித்து, கடைசியில் 1982இல் ஆல்கரிடம் ஒப்படைத்தார்கள். 1974க்கு முன் உறைய வைக்கப்பட்டவர்களில் இன்றுவரை மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். பதினைந்து வருடம் நைட்ரஜன் தீராமல் பார்த்துக்கொண்ட அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு நாவல்கூட நான் படித்ததில்லை. உங்களில் யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள், முதலில் வாங்குகிறவன் நான்தான்.

மின்சாரம் போய்க் கெட்டதே கிடையாதா என்று மடக்குவீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸில் ஒரு மருத்துவர் 1984இல் இறந்த தன் மனைவியை வீட்டின் அடித்தளத்தில் ஒரு ஃப்ரீசரில் வைத்தார். 2002இல் அவர் இறந்ததும் மகன் அவரையும் அதே இடத்தில் வைத்தார். நைட்ரஜன் இல்லை, சாதாரணமாக மின்சாரத்தில் ஓடுகிற ஃப்ரீசர். 2006இல் அது பழுதாகி வெப்பநிலை மைனஸ் 20 வரை ஏறிவிட்டது, மகன் இருவரையும் தகனம் செய்துவிட்டார். அப்பாவுக்கு மகன் கொடுத்த வாக்கு, அதற்கு எதிராக அரசு நடத்திய வழக்கு, கடைசியில் ஒரு இயந்திரக் கோளாறு. இருபத்திரண்டு வருடம் இழுத்த இந்த விஷயத்தில் சிவப்பு விளக்கு எரிகிற நொடி மட்டும்தான் உங்களுக்கு வேண்டியிருக்கிறது.

என் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு நீண்ட விடுமுறை முடிந்து திரும்பினோம். பதிவேடு ஒழுங்காக இருந்தது. தேதி, மட்டம், கையெழுத்து, ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. நான் ஒரு குடுவையின் மூடியைத் தூக்கினேன். புகை வரவில்லை. இரண்டு நொடி எனக்குப் புரியவே இல்லை, தப்பான குடுவையைத் திறந்துவிட்டோமோ என்று நினைத்தேன். உள்ளே காய்ந்து கிடந்தது. பதினோரு வருட மாதிரிகள். அப்புறம் பதிவேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தால், மூன்று வாரமாக ஒவ்வொரு கட்டத்திலும் 32 என்ற எண், ஒரே பேனா, ஒரே சாய்வு. நைட்ரஜன் மட்டம் அப்படி ஒரே இடத்தில் நிற்காது, தினமும் இறங்கும், ஊற்றினால் ஏறும். பார்த்த எவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கும்தான். விடுமுறைக்கு நடுவில் பழைய ஆளின் ஒப்பந்தம் முடிந்திருக்கிறது, புதிதாக வந்த பையனிடம் யாரோ "கையெழுத்து விட்டுப்போகக் கூடாது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அவன் விட்டுப்போகாமல் போட்டிருக்கிறான். அவன் மேல் இன்றுவரை எனக்குக் கோபம் வரவில்லை. பெட்டி ஒன்று வெடித்திருந்தால்கூட மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எதிர்காலத் தொழில்நுட்பத்தின் ஆபத்து என்று நீங்கள் எழுதும்போது எனக்கு இந்த 32தான் நினைவுக்கு வருகிறது. எழுந்து பார்த்தால் உலகம் சொர்க்கமாக இருக்கும், இல்லையென்றால் இயந்திரங்கள் ஆளும் நரகமாக இருக்கும், உங்களுக்கு இரண்டே வாசல்தான். அந்த வாசல் வரை ஒரு நிறுவனம் இருநூறு வருடம் உயிரோடு இருந்தாக வேண்டுமே, அதை யாராவது யோசித்தீர்களா? சாட்ஸ்வொர்த்துக்குப் பிறகு இத்துறையில் இருப்பவர்கள் யோசித்தார்கள். மாதத் தவணையைக் கைவிட்டு, முழுத்தொகையையும் முன்கூட்டியே, பெரும்பாலும் ஆயுள் காப்பீடு மூலம், வாங்கிக்கொண்டு, அதன் வருமானத்தில் நைட்ரஜன் வாங்குவது என்று மாற்றினார்கள். அதாவது இறந்தவரின் உயிர் இப்போது வட்டி விகிதத்தில் தொங்குகிறது. சட்டமோ அவரை நோயாளி என்று சொல்லாது, மருத்துவக் கல்லூரிக்கு உடல் தானம் செய்கிறோமே, அமெரிக்காவில் ஏறக்குறைய அந்தச் சட்டத்தின் கீழ்தான் உடல் நிறுவனத்துக்குப் போகிறது. எழுந்தால் அவர் யார்? சொத்து ஏற்கனவே வாரிசுகளுக்குப் போயிருக்கும். இறப்புச் சான்றிதழை ரத்து செய்ய எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது? எழுப்புகிற செலவை யார் கொடுப்பார்கள், கொடுத்தவருக்கு அவர் என்ன கடன்பட்டவர்? உங்களில் சிலர் எழுப்பப்பட்டவர்களை அடிமையாக்கி எழுதியிருக்கிறீர்கள், அது மட்டும் சரியான திசையில் வைத்த காலடி, ஆனால் உடனே லேசர் துப்பாக்கி வந்து கெடுத்துவிடுகிறது.

2016இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. புற்றுநோயில் இறந்துகொண்டிருந்த 14 வயதுப் பெண், தன்னை உறைய வைக்க வேண்டும் என்று நீதிபதிக்குக் கடிதம் எழுதினாள். அம்மா சம்மதித்தார், பிரிந்து வாழ்ந்த அப்பா முதலில் மறுத்தார். நீதிபதி மருத்துவமனைக்கே போய் அவளைப் பார்த்தார். கிரையோனிக்ஸ் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லவில்லை, முடிவெடுக்கும் உரிமை அம்மாவுக்கு என்று மட்டும் சொன்னார். அப்பா சொன்ன காரணத்தை நான் பல தடவை படித்திருக்கிறேன். இருநூறு வருடம் கழித்து இவள் எழுந்துவிட்டால், சொந்தக்காரர் ஒருவரும் இருக்க மாட்டார்கள், பழசு எதுவும் ஞாபகம் இல்லாமலும் போகலாம், பதினாலு வயதுப் பிள்ளை, உடல் போகவிருந்த அமெரிக்காவில் தனியாக நின்றால் என்ன செய்வாள் என்பது அவர் கவலை. பலிக்காது என்று அவர் பயப்படவில்லை, பலித்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தார். எதிர்காலத்தைப் பற்றி இவ்வளவு நேரான பயத்தை நான் எந்தக் கதையிலும் பார்த்ததில்லை. அவரும் பிறகு மகளின் முடிவை மதிப்பதாகச் சொன்னார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது மூளையைக் கணினியில் ஏற்றும் கதைகள் பக்கம் போய்விட்டீர்கள் என்று தெரியும், அங்கேயும் இதே கேள்விதான். முயல் மூளையையும் பன்றி மூளையையும் நரம்பிணைப்புகள் சிதையாமல் பாதுகாத்து 2016இலும் 2018இலும் பரிசு வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அந்த முறையில் மூளையை முதலில் ஆல்டிஹைடு ரசாயனத்தால் இறுக்கிவிடுகிறார்கள், அந்த மூளையே மறுபடி உயிர்த்து எழ வழியில்லை, படித்து நகல் எடுக்கலாம் என்ற நம்பிக்கை மட்டும். அந்த நகல் ஓடுகிற சர்வருக்கு வாடகை கட்டுவது யார், நிறுவனத்தை இன்னொருவர் வாங்கிவிட்டால் பழைய ஒப்பந்தம் செல்லுமா? உங்கள் கதைகளில் நகலுக்கு நான் யார் என்ற தத்துவக் குழப்பம் வருகிறது, கட்டணம் பாக்கி என்ற அறிவிப்பு வருவதே இல்லை.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். பயமுறுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை, தாராளமாகப் பயமுறுத்துங்கள். இரவுப் பணிக்கு வரும் ஒரு ஆளை எழுதுங்கள். ஐம்பதாவது தலைமுறை ஊழியர், குடுவைக்குள் இருப்பவர்களின் மொழியே அவருக்குத் தெரியாது, சம்பளம் இரண்டு மாதமாக வரவில்லை, ஆனாலும் குச்சியை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போகிறார். பதிவேட்டைப் பார்க்கிறார், எல்லாம் சரியாக இருக்கிறது. கடைசிக் குடுவையின் மூடியைத் தூக்குகிறார், புகை வரவில்லை. அங்கிருந்து நீங்கள் தொடருங்கள், நான் படிக்கிறேன்.

இப்படிக்கு,
நைட்ரஜன் ஊற்றிய கையோடு ஒரு வாசகன்